லூத்தரின் ‘அழைப்பு’ம் உழவர்களின் மூன்றாவது கோரிக்கையும்

உழைப்புக்கு மதிப்புத் தந்தது கிறிஸ்தவம் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். பாதி உண்மை. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த மடத்து ஒழுங்கு, துறவிகளையும் கையால் வேலை செய்யச் சொன்னது. மார்ட்டின் லூத்தர் ஒரு படி மேலே போனார். வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உழைப்பு, கடவுள் முன் துறவியின் ஜெபத்துக்குக் குறைந்ததல்ல என்றார். தொழிலைக் குறிக்க அவர் கையாண்ட ‘பெரூஃப்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குள் ‘அழைப்பு’ என்ற பொருள் இருக்கிறது. சமூகவியல் மாணவர்கள் இச்சொல்லை மாக்ஸ் வேபர் வழியாக அறிவார்கள். அங்கே முதலாளியத்தின் கதையைப் படித்துவிட்டு, பண்ணையடிமையைக் கேட்காமல் வந்துவிடுகிறோம்.

இருக்கும் நிலையே இறைவனின் அழைப்பு என்றால், அதை விட்டு வெளியேறுவது என்னவாகும்? குலத்தொழிலே தர்மம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வாதம் பழக்கமானதுதான். லூத்தரிடம் பிறவித் தீட்டு இல்லை. அது பெரிய வேறுபாடு. ஆனால் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் (1936) வற்புறுத்திய, தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமைக்கு அங்கும் இடம் குறுகலே.

1525இல் மெம்மிங்கென் நகரில் கூடிய உழவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்தார்கள். ஆட்டிடையனையும் மேன்மக்களையும் கிறிஸ்து ஒரே இரத்தத்தால் மீட்டிருக்க, நாங்கள் எப்படி இன்னொருவரின் உடைமையாவோம் என்பது மூன்றாவது. லூத்தர் இதை மறுத்தார். கிறிஸ்தவ விடுதலை ஆன்மாவுக்குரியது, அடிமையும் அதைப் பெறலாம் என்பது அவர் வாதம். அதே ஆண்டில், கிளர்ந்தெழுந்தவர்களை வெட்டி வீழ்த்தும்படி பிரபுக்களுக்கு எழுதினார்.

மெம்மிங்கென் இன்று அடங்கியிருக்கும் பவேரியாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1808இல்.