நாற்காலியில் உட்காருங்கள், அக்கா

உங்கள் ஊரில் பெண் சர்பஞ்ச் இருந்திருக்கிறாரா? கூட்டம் நடந்தபோது நாற்காலியில் யார் உட்கார்ந்தார்? அவரா, அவருடைய கணவரா?

காணிப்பாக்கம் பக்கத்து ஊர்களில் நம் பெண்கள் செய்யாத வேலை இல்லை. வேர்க்கடலை பிடுங்குகிறார்கள். மாடு கறக்கிறார்கள். மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறார்கள். கோயில் வாசலில் தேங்காய், பூ விற்கிறார்கள். வீட்டுக் கணக்கும் அவர்கள் கையில்தான். ஆனால் ஊர்க் காரியம் என்றால், "நமக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தலித் பெண் என்றால் இன்னும் இரண்டு அடி பின்னால் நிற்கிறார்.

பின்னால் நிற்க மறுத்த ஒரு பெண்ணைப் பற்றிப் படிப்போம்.

தாட்சாயணி படித்தார்

அவர் பெயர் தாட்சாயணி வேலாயுதன். 1912ஆம் ஆண்டு, கொச்சிக்கு அருகே முளவுகாடு என்னும் தீவில் பிறந்தார். அவர் புலையர் சாதி. அந்தக் காலத்தில் அந்தச் சாதியினர் பொதுத் தெருவில் நடக்க முடியாது. 1913இல் அவர்கள் ஒரு கூட்டம் போட விரும்பினார்கள். தரையில் கூடத் தடை. என்ன செய்தார்கள் தெரியுமா? காயல் நீரில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் கூட்டம் நடத்தினார்கள்! தாட்சாயணியின் குடும்பத்தாரும் அதில் முன்னின்றார்கள்.

தாட்சாயணி பள்ளிக்குப் போனார். பிறகு கல்லூரிக்கும் போனார். அங்கே வேதியியல் படித்தார். மற்ற மாணவர்கள் சோதனை செய்யும்போது அவரைக் கிட்டே விடவில்லை. தூரத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான். பிறகு ஆசிரியை ஆனார்.

சபையில் பேசினார்

1946இல் நம் நாட்டுக்குச் சட்டம் எழுத அரசியல் நிர்ணய சபை கூடியது. அதில் பெண்கள் 15 பேர். அவர்களில் தலித் பெண் ஒருவர்தான். அவர் தாட்சாயணி. அப்போது அவருக்கு வயது 34. சென்னை மாகாணத்திலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் சித்தூரும் அன்று சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. ஆகவே அவர் நமக்காகவும் பேசியவர்.

1948 நவம்பரில் தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு சபைக்கு வந்தது. தாட்சாயணி எழுந்து அதை ஆதரித்தார். சட்டம் எழுதினால் மட்டும் போதாது, மக்கள் நடந்துகொள்ளும் விதமும் மாற வேண்டும் என்றார். அதுவே இன்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு.

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவில் கறுப்பின மக்களை நெடுங்காலம் அடிமைகளாக வைத்திருந்தார்கள். அந்த நாட்டின் பாராளுமன்றத்துக்கு 1968இல்தான் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஷெர்லி சிஷோம். அவரும் முன்பு சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைதான். 1972இல் ஜனாதிபதி தேர்தலில் தம் கட்சியின் வேட்பாளராக நிற்கவும் முயன்றார். அது கிடைக்கவில்லை. ஆனால் கறுப்பினப் பெண்ணும் அந்தப் பதவியைக் கேட்கலாம் என்று நாடு அறிந்தது.

இனி நம் முறை

1993இல் புதிய பஞ்சாயத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றது. தலித் மக்களுக்கான இடங்களிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. ஆந்திரத்தில் இன்று பாதி இடம் பெண்களுக்கு.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பல ஊர்களில் மனைவி கையெழுத்துப் போடுகிறார், கணவர் அதிகாரம் செய்கிறார். சர்பஞ்சின் வேலையைக் கணவர் செய்யச் சட்டத்தில் இடமே இல்லை.

அக்கா, நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். அது பெரிய பலம். தீர்மானத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். புரியாவிட்டால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சாலைக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதவி இல்லாவிட்டாலும் கிராம சபைக்கு வாருங்கள். தனியாக வரத் தயக்கமா? நாலு பேராக வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. தாட்சாயணியைச் சோதனை செய்ய விடவில்லை. அவர் என்ன செய்தார்?
2. கிராம சபையில் நீங்கள் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை எழுதுங்கள்.
3. அதை அடுத்த கூட்டத்தில் யார் எழுந்து கேட்பது? இன்றே முடிவு செய்யுங்கள்.