கடை மாடியில் சோலார்: கணக்குப் பார்த்துக் கையெழுத்திடுவோம்



கடைவீதியில் இப்போது மாதத்துக்கு ஒருவராவது கையில் விளம்பர அட்டையோடு வந்து, "முதலாளி, மாடியில் சோலார் போட்டுவிடுங்கள், அப்புறம் கரண்ட் பில்லே வராது, அரசாங்கம் 78,000 ரூபாய் மானியம் தருகிறது" என்கிறார். நம் உறுப்பினர்கள் சிலர் முன்பணம் கொடுக்கும் யோசனையில் இருப்பதாக அறிகிறேன். சூரியன் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

முதலில் மானியத்தைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய "பிரதமரின் சூரிய வீடு" திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக உச்சவரம்பு 78,000 ரூபாய். இது வீடுகளுக்கான திட்டம். வணிக இணைப்பு உள்ள கடைக்கு இந்த மானியம் கிடையாது. அட்டையில் பெரிய எழுத்தில் 78,000 என்று போடுகிறவர்கள் இதைச் சிறிய எழுத்தில்கூடப் போடுவதில்லை.

அடுத்தது வரவு செலவு. நம் பகுதி வெயிலுக்கு 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட். செலவு இரண்டு லட்சம் ரூபாய் என்றும், கடைக்கு வரும் மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 12 யூனிட்டையும் நம் கடையே பயன்படுத்தினால் ஆண்டுக்கு 43,800 ரூபாய் மிச்சம். நாலரை ஆண்டில் முதல் திரும்பிவிடும். விற்க வருகிறவர் காட்டும் கணக்கு இதுதான்.

ஆனால் மளிகைக்கடையின் நேரம் வேறு. காலையில் கொஞ்சம் வியாபாரம், மதியம் மந்தம், மாலை ஆறு முதல் ஒன்பது வரைதான் கல்லா நிறையும் நேரம். எல்லா விளக்கும் எரிவது அப்போதுதான். அந்த நேரத்தில் மாடியில் உள்ள தகடு ஒரு யூனிட் கூடத் தராது. பகலில் ஒரு ஃப்ரீசர், இரண்டு மின்விசிறி, பில் போடும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து 6 யூனிட் செலவானால் மீதி 6 யூனிட் மின்வாரியத்துக்குப் போகும். அதற்கு நாம் வாங்கும் விலையே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 3 ரூபாய் வீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டு மிச்சம் 28,470 ரூபாய்தான். முதல் திரும்ப ஏழு ஆண்டு ஆகும். இரண்டு லட்சத்தையும் பத்து சதவீத வட்டிக்கு வாங்கியவருக்கு முதல் ஆண்டு வட்டியே 20,000 ரூபாய். கையில் நிற்பது எட்டாயிரத்துச் சொச்சம். அந்த இரண்டு லட்சத்தைப் பருப்பிலும் எண்ணெயிலும் போட்டுச் சுழற்றினால் என்ன கிடைக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

மூன்றாவது, மின்வெட்டு. 2012ஆம் ஆண்டில் சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நினைவில்தான் பலர் சோலாரைத் தேடுகிறார்கள். மின்வாரிய இணைப்போடு சேர்த்துப் போடும் சாதாரண சோலார், கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நடுப்பகல் வெயில் அடித்தாலும் கடை இருட்டாகத்தான் இருக்கும். மின்வெட்டிலும் எரிய வேண்டுமானால் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் பாட்டரியும் தனியாக வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று ஏட்டுக் கணக்கில் தேக்குவது 1.8 யூனிட். முழுவதையும் இறக்கிப் பயன்படுத்தினால் சீக்கிரம் கெட்டுவிடும். பக்குவமாக வைத்துக்கொண்டாலும் ஈய பாட்டரிக்கு ஆயுள் நாலைந்து ஆண்டுதான்.

பாட்டரிச் செலவை மறந்து போடும் கணக்கு நிலைக்காது. 2011இல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகளும் கொடுத்தார்கள். ஏழைக்கு நல்ல உதவிதான். ஆனால் எந்தத் திட்டத்திலும், ஐந்தாம் ஆண்டு பாட்டரி மாற்றும் பணம் யார் கையிலிருந்து வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நம் கடைக்கும் இதே விதிதான்.

நான்காவது, மாடி யாருடையது? நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். கட்டடமும் மின் இணைப்பும் உரிமையாளர் பெயரில் இருக்கும். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்கிறார்கள். கடை ஒப்பந்தமோ பதினொரு மாதம். நாளை அவர் மேலே ஒரு தளம் கட்டினால் நம் இரண்டு லட்சத்தை எங்கே இறக்கி வைப்பது?

புதியது எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். 2014இல் அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த விலையே 310 ரூபாய். 2016இல் அது 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இன்று பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. கெட்டால் வாடிக்கையாளர் கொண்டுவந்து கல்லா மேலேயே மாற்றிக்கொண்டு போகிறார். விலை இறங்கியது, பழுதுக்குப் பக்கத்திலேயே பதில் இருந்தது; அதனால் நிலைத்தது.

சோலாரும் சில இடங்களுக்குப் பொருந்தும். சொந்தக் கட்டடத்தில் பகல் முழுவதும் இயந்திரம் ஓடும் மாவு மில், எண்ணெய்ச் செக்கு, புளி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றுக்கு மேலே சொன்ன நாலரை ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய பலிக்கும். அவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

மற்றவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. கடைப் பகல் நேரச் செலவு எத்தனை யூனிட்? மீதி யூனிட்டுக்கு மின்வாரியம் தரும் விலை என்ன? இதைப் பிரிவு அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கூடுதலாக ஏதேனும் மாதக் கட்டணம் உண்டா?

3. கரண்ட் போனால் இது வேலை செய்யுமா?

4. தகட்டுக்கு 25 ஆண்டு என்றால் இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு?

5. பழுதானால் ஆள் தர்மபுரியிலிருந்து வருவாரா, சேலத்திலிருந்தா, பெங்களூரிலிருந்தா? எத்தனை நாளில்?

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கையாவது சிறு கடைகளுக்கும் தர வேண்டும் என்று சங்கத்தின் மூலம் அரசுக்கு மனு அனுப்பலாம். போட விரும்பும் உறுப்பினர்கள் தனித்தனியாக ஏமாறாமல் ஒன்றுகூடி விலை பேசி, பழுது பார்க்க உள்ளூர் ஆள் வைக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போதே கையில் அள்ளிப் பார்த்து, எடை போட்டு, தவணை பேசித்தான் வாங்குகிறோம். இரண்டு லட்சம் ரூபாய்ச் சரக்குக்கும் அதே நிதானம் வேண்டும். வணிகப் பெருமக்கள் சிந்தித்துச் செயல்படுவார்களாக.