காணாமற்போன கதிரியக்கப் பொருள்

ஆலைகளிலும் சுரங்கங்களிலும் குழாய்க்குள் ஓடும் பொருளின் அடர்த்தியை, குழாயைத் திறவாமலே அளந்தறியக் கதிரியக்கப் பொருள் அடங்கிய கருவிகள் பயன்படுகின்றன. பெரிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் உட்புறம் பழுது உண்டா என்று பார்க்க இரிடியம்-192 என்னும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கவசத்தினுள் முறைப்படி இருக்கும்வரை இவை பயன் தருவனவே. கவசத்தை விட்டு வெளிப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடக்கும்போதுதான் ஆபத்து விளைகிறது.

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இத்தகைய சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. இரும்புத்தாதுச் சுரங்கத்திலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்த் நகருக்கு லாரியில் சென்ற ஓர் அளவுகருவியிலிருந்து, சீசியம்-137 அடங்கிய சிறு உருளை வழியில் விழுந்துவிட்டது. அதன் நீளம் 8 மில்லிமீட்டர். குறுக்களவு 6 மில்லிமீட்டர். ஒரு மொச்சைக் கொட்டையைவிடச் சிறியது! இழப்பு தெரியவந்ததும் அரசாங்கம் மக்களுக்கு அறிவித்தது. கண்டால் 5 மீட்டருக்கு அப்பால் விலகி நின்று தகவல் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டது. கதிரியக்கத்தை உணரும் கருவி பொருத்திய வாகனம் பிப்ரவரி 1ஆம் தேதி சாலையோரத்தில் அதனைக் கண்டுபிடித்தது.

நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு விதம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாதிருந்த ஆராய்ச்சிக் கருவி ஒன்று 2010ஆம் ஆண்டில் பழைய இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 இருந்ததை, மாயாபுரிச் சந்தையில் அதனைப் பிரித்த தொழிலாளர் அறியார். ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தொலைந்த செய்தி ஊரறியச் சொல்லப்பட்ட இடத்தில் உயிர்ச்சேதம் இல்லை. பொருள் இன்னதென்று சொல்வார் இல்லாத இடத்தில் ஏழைத் தொழிலாளியின் உயிர் போயிற்று.

இக்கதிர் கண்ணுக்குத் தெரியாது, மணம் இல்லை, தொட்டாலும் சுடாது. வாந்தி, தோல் சிவத்தல், கொப்புளம், முடி உதிர்தல் ஆகியவை பின்னரே தோன்றும். ஆகையால் கையில் எடுத்துப் பார்த்துத் தீர்மானிக்க நினைப்பது பெருந்தவறு. விலகி நிற்பதே நல்ல காப்பு. தூரம் இருமடங்கானால் கதிரின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. மஞ்சள் நிறத்தின்மீது மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற சின்னம் கதிரியக்கத்தைக் குறிக்கும். பிள்ளைகளுக்கும் பழைய இரும்பு வியாபாரிகளுக்கும் இதனைக் காட்டி விளக்குதல் வேண்டும்.

2. அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியையோ, இன்னதென்று விளங்காத உலோக உருளையையோ வயலிலோ சாலையிலோ கண்டால் தொடலாகாது, உடைக்கலாகாது, சட்டைப்பையில் போடலாகாது.

3. எவரும் நெருங்காதபடி தூரத்தில் காவல் வைத்து, 112 என்னும் தொலைபேசி எண்ணிலோ போலீஸ் நிலையத்திலோ உடனே தெரிவிக்க வேண்டும். தொட்டவர் எவரேனும் இருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்பொருள்களைக் கண்காணிக்க 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் வயலோரத்தில் கிடப்பதை முதலில் காண்பவர் கிராமவாசியே. அவர் அஞ்சாமல் வந்து சொல்வதற்கு வேண்டிய நம்பிக்கையைப் பஞ்சாயத்து அளிக்குமாயின், பல உயிர்கள் காக்கப்படும்.