பன்னிரண்டு வாரத்தில் உருவாகும் நாய்

செம்பனைத் தூரில் யாரோ சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன குட்டிகளைத் தூக்கி வருபவர்கள் முதல் வேலையாகப் பாலைக் காய்ச்சுகிறார்கள். இரக்கத்தால் செய்வதுதான். ஆனால் பல குட்டிகள் அந்தப் பாலாலேயே சாகின்றன.

பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் கூடப் பிறந்தவற்றின் நெருக்கமும்தான் அதற்குச் சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் அசையாது. உள்ளே போன பால் செரிக்காமல் கிடக்கும். விழுங்கப் பலமில்லாததால் நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும். ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் குட்டி மறுபக்கம் ஊர்ந்து போக இடம் வேண்டுமே. வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால் கதகதப்பு தெரிய வேண்டும். அதன்பின், கைக்குழந்தையைப் போல மல்லாத்தாமல், குப்புறப் படுத்த நிலையிலேயே புட்டிப்பால் தரலாம். வெறும் மாட்டுப்பாலும் போதாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை வாங்கிவிடுவது நல்லது. பால் கொடுத்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதுபோல இதைச் செய்யாவிட்டால், அந்த வயதில் குட்டி சிறுநீர்கூடக் கழிக்காது.

பத்து முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். காது திறக்க இன்னும் சில நாள் ஆகும். மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிக்கு உலகம் தொடங்குகிறது. நாய் வளர்ப்போரும் மீட்போரும் மனத்தில் இருத்த வேண்டிய காலம் அங்கிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான்.

அந்தக் காலத்தில் குட்டி மனிதரோடு பழகுவது எவ்வளவு முக்கியம் என்பதைச் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடம். ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அங்கே ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965-இல் நூலாக்கினார்கள். அதற்கு முன்பே, 1961-இல், அதே கூடத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டிருந்தார்கள். உயர்ந்த வேலிக்குள் தாயோடு விடப்பட்ட குட்டிகள் மனிதரைப் பாராமலே வளர்ந்தன. சிலவற்றை இரண்டாம் வாரத்தில், சிலவற்றை மூன்றில், ஐந்தில், ஏழில், ஒன்பதில் வெளியே எடுத்து ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். மிச்சமிருந்தவற்றைப் பதினான்காம் வாரம்வரை தொடவே இல்லை. கடைசியாகச் சொன்ன குட்டிகள் காட்டு விலங்கு போலவே ஆகிவிட்டன. பிறகு எவ்வளவு கொஞ்சியும் பெரிதாகப் பயனில்லை. ஏழாம் வாரத்தையொட்டிப் பழகியவையோ மனிதரிடம் எளிதாக ஒட்டிக்கொண்டன.

அந்த ஆய்வுக்கூடத்துக்கும் நம் மலேசிய மண்ணுக்கும் உறவு உண்டு. 1963-இல் ஓர்வில் எலியட் பகாங் மாநிலத்தின் தெலோம் ஆற்றோரம் ஓராங் அஸ்லி என்னும் பழங்குடி மக்களிடமிருந்து ஒரு ஜோடி நாயைப் பெற்று ஸ்காட்டிடம் சேர்த்தார். தெலோமியன் என்று பெயர் பெற்ற அந்த நாய்கள், தூண்மேல் கட்டிய வீடுகளுக்கு ஏணியில் ஏறிப்போய் மக்களோடு மக்களாக வாழ்ந்தவை.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாய்க்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. ஆனால் வளர்ப்பு அதே வளர்ப்பு. ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் குட்டிகள் வாசல் திண்ணையடியில் பிறந்தன. பெரட்டு என்னும் காலை வருகைப் பதிவுக்குக் கிளம்பும் காலடிச் சத்தம், ஆயாக்கொட்டகை என்னும் குழந்தைக் காப்பகத்துப் பிள்ளைகளின் கூச்சல், தாத்தாவின் கைத்தடி, மோட்டார் சைக்கிள், மழைத் தகரம் எல்லாம் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் அவற்றுக்குப் பழகிவிடும். வளர்ந்தபின் விடியற்காலையில் பால்மர நிரைக்குள் முன்னே ஓடிப் பாம்பையும் காட்டுப்பன்றியையும் காட்டிக்கொடுக்கும். பார் ஹார்பரில் வேலி போட்டுக் கண்டறிந்ததைத் தோட்டத்துக் குடும்பங்கள் அன்றாடம் செய்துகொண்டிருந்தன. இதை ஓர் அறிவாகவே நான் மதிக்கிறேன்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போக, நாய்கள் அங்கேயே விடப்பட்டன. 1999-இல் நிப்பா வைரஸால் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். மனிதர் இல்லாத இடத்தில் பிறந்த குட்டிகள் பார் ஹார்பர் வேலிக்குள் மனிதரைப் பாராமல் வளர்ந்தவற்றைப் போலத்தான் ஆகும். "காட்டு நாய்" என்று அவற்றை வெறுப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

இன விருத்தி செய்பவருக்கும் இதே கணக்குத்தான். பொலிநாயைத் தேடிக் காசைக் கொட்டுவோர் தாயின் குணத்தைப் பார்ப்பதில்லை. குட்டி முதலில் பார்த்துக் கற்பது தாயிடம்தான். அவள் மனிதரைக் கண்டு நடுங்கினால் அதுவும் நடுங்கும். நிறத்தை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக வேண்டுமென்று தேர்ந்த ராஜபாளையம் நாய்களில் காது கேளாமை காணப்படுகிறது. உட்காதுக்கும் நிறமி உயிரணுக்கள் தேவை; அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் உயிரணுக்கள் பிறந்த சில வாரங்களில் மடிந்துபோகும். ஒரே ஈற்றில் வெவ்வேறு தந்தையரின் குட்டிகள் பிறக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டையைக் கதவடைத்துக் காக்காத வீட்டில் வம்சச் சான்றிதழுக்குப் பொருளில்லை.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. தடுப்பூசி முழுமையாகாதவரை தெருவில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டலாம். பதினான்கு வாரம் தாண்டி அஞ்சி ஒதுங்கும் நாயை வீட்டுக்குள் அடைப்பது அதற்குச் சித்திரவதை. கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அது வாழ்ந்த இடத்திலேயே ஒருவர் தினமும் சோறு வைப்பது மேல். சாக்கிலிருந்த குட்டிகளைக் காப்பாற்றியவர் தாயையும் தேட வேண்டும். பால் வற்றியதும் அவளுக்குக் கருத்தடை செய்யாவிட்டால், சில மாதத்தில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடுவாள்.