தூசி அடங்கட்டும்... அப்புறம் தொட்டில் கட்டலாம்!

``ஆனியில பிள்ளையைக் கூட்டிட்டு வரலைன்னா அப்புறம் ஆவணிதான். நடுவுல ஆடி வந்துரும்லா..?''

சங்கரன்கோவிலில் இருந்து போனில் அத்தை இப்படிக் கேட்டபோது, ராஜபாளையத்தில் எங்கள் அம்மா வீட்டில் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தை என்றால் அக்காவின் மாமியார். குழந்தை, பங்குனியில் பிறந்த பையன். நான் சென்னையில் இருந்து வாரக்கடைசிக்கு வந்திருக்கும் சித்தி.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ, ஐந்தாம் மாதமோ ஒற்றைப்படை மாதமாகப் பார்த்து, குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தான் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். `அந்த மூணு மாசத்துக்குள்ள பழைய வீட்டைச் சரிபண்ணிரலாம்!'

சங்கரநாராயண சுவாமி கோயிலில் இருந்து நடக்கும் தூரத்தில், விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருவில் இருக்கிறது அந்த வீடு. அத்தானின் தாத்தா காலத்தது. பட்டாசலுக்கு டைல்ஸ், அடுப்பங்கரையை இடித்துப் பெரிதாக்குவது, புது பாத்ரூம், வீடு முழுக்க பெயின்ட் என்று திட்டம். `வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பார்களே... கைக்குழந்தை இருக்கும்போது வீட்டை இடித்துப் பார்த்தால்தான் அதன் முழு அர்த்தமும் புரியும். நடுவில் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். கோடை மழையில் பூச்சு காயவில்லை. ஆனியில் குறித்த நாளுக்குப் பத்து நாள்களே இருந்தபோதும் பெயின்ட் வேலை முடியவில்லை.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, அக்கா ஒருநாள் போய்ப் பார்த்தாள். பழைய பச்சை எனாமல் ஜன்னலை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டில் கட்டுவதற்காக அத்தை ஆசையாகத் துவைத்து மடித்து வைத்திருந்த காட்டன் சேலை மேல் மெல்லிசாகப் பச்சைத் தூள் படிந்திருந்தது. அங்கிருந்தே எனக்கு போன் செய்தாள். ``இந்தத் தூசியில பச்சப் பிள்ளையைப் படுக்க வைக்கலாமாடி?''

எனக்கும் தெரியாது. தேடிப் படித்தபோதுதான் பயம் வந்தது. பழைய பெயின்ட்களில், முக்கியமாகக் கதவு ஜன்னல்களுக்கு அடிக்கும் எனாமலில், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பெயின்ட் சுவரில் ஒழுங்காக ஒட்டியிருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உலர்வாகச் சுரண்டும்போதுதான் தூளாகப் பறந்து தரை, துணி, கை என எல்லா இடத்திலும் படிகிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தை, பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். `இவ்வளவு இருந்தால் பரவாயில்லை' என்ற அளவே கிடையாது.

அந்த ஜன்னலில் ஈயம் இருந்ததா என்று நாங்கள் சோதிக்கவில்லை. பழைய எனாமல் என்பதால் இருப்பதாகவே வைத்துக்கொண்டோம். குழந்தை ஆனியில் வரவில்லை என்று அக்காவும் அத்தானும் முடிவெடுத்தார்கள்.

அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆடித்தபசுக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு போய், கோமதி அம்மனைக் காட்ட வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ``நாங்கள்லாம் இந்த வீட்ல பிள்ள வளக்கலயா?'' என்று கேட்டவர், இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ராஜபாளையம் வீட்டு வாசலில் ஒரு பையோடு நின்றார். சம்பந்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதற்கே யோசிக்கிறவர், ``மதினி, பத்து நாளைக்கு எனக்கும் ஒங்க வீட்டுச் சோறுதான்'' என்று அம்மாவிடம் சிரித்தார். பேரனைக் குளிப்பாட்டும் வேலை அன்றிலிருந்து அவருடையது. தபசு பார்க்க ஊருக்குப் போனவர், மறுநாளே புற்றுமண் பிரசாதத்தோடு திரும்பி வந்தார்.

அந்த இரண்டு மாதத்தில் அத்தான் வேலையின் வரிசையையே மாற்றினார். வீடு முழுவதும் முடிய வேண்டாம், குழந்தை தூங்கும் அறை முதலில் முடியட்டும் என்பதுதான் புதுத் திட்டம். வீட்டு வேலைக்கு நடுவே குழந்தையை வரவேற்கக் காத்திருக்கும் உங்களுக்கும் உதவும் என்பதால், அவர் செய்தவை இங்கே...

* இடிப்பது, டைல்ஸ் வெட்டுவது, சுரண்டுவது போன்ற தூசி வேலைகள் எல்லாவற்றையும் குழந்தை வருவதற்கு முன்பே முடித்தார்.

* ஜன்னல் கதவுகளைக் கழற்றி, வெளியே பட்டறைக்கு அனுப்பினார். சட்டங்களை மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு தேய்க்கச் சொன்னார். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுந்த தூளை அதிலேயே சுருட்டி அப்புறப்படுத்தினார்.

* துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி பறக்கும் என்பதால், ஈரத்துணியால் பலமுறை துடைத்தார்கள். வேலை நடந்த இடத்தில் உடுத்திய துணியோடு குழந்தையைத் தூக்குவதில்லை என்பதும் வீட்டு விதியானது.

* பெயின்ட் அடித்த பிறகு, இரண்டு வாரம் ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தார்கள். புது பிளைவுட் அலமாரிக்கும் அதே காற்றோட்டம்.

* பூச்சுக்குத் தெளிக்கப் பிடித்து வைத்த டிரம் தண்ணீரை மூடி வைத்து, வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவினார்கள். டெங்கு கொசு, முட்டையில் இருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாளே போதும்.

* தொட்டிலுக்காக மாட்டிய புதுக் கொக்கியில், 25 கிலோ அரிசி மூட்டையை ஒருநாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

ஆவணியில், ஐந்தாம் மாதத்தில், ஆரத்தி எடுத்து அக்காவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டார் அத்தை. மாடிச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. பாத்ரூமில் ஒரு வரிசை டைல்ஸ் பாக்கி. ``அதெல்லாம் அவன் நடக்கும்போது பாத்துக்கலாம்'' என்கிறார் அத்தான்.

அலசித் துவைத்த அதே காட்டன் சேலையில்தான் தொட்டில். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்வரை பையன் நன்றாகத் தூங்குகிறான். கரன்ட் போய் தறி நின்றால்தான் முழித்துக்கொண்டு அழுகிறான்!