மணிக்கட்டு முறிந்தால்: கம்பியா, தகடா?

மழை நாளில் செட்டிநாட்டு வீட்டு வளவில் நடந்து பாருங்கள். ஆத்தங்குடிக் கல் நனைந்திருந்தால் கால் வழுக்கும். விழுபவர் தம்மையறியாமல் கையை ஊன்றுவார். 1 மீட்டர் விழும் உடல் 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால், சராசரி விசை எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு ஆகிறது. அதில் ஒரு பங்கு மணிக்கட்டுக்கு வந்தாலே ஆரை எலும்பின் நுனி முறியும். எலும்பு நொய்ந்த அப்பத்தாவுக்கு இன்னும் எளிதில் முறியும். இம்முறிவை டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் விவரித்தார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட அப்போது இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன!

விலகிய எலும்பை இழுத்து நேராக்கிவிடலாம். எலும்பு கூடும்வரை அது மறுபடி விலகாமல் நிற்பதுதான் சிக்கல். மாவுக்கட்டு மட்டும் போடலாம். அல்லது தோல் வழியே மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டு மூன்றைச் செலுத்தி, மேலே மாவுக்கட்டும் போடலாம். சில வாரங்களில் கம்பியை உருவிவிடுவார்கள். மூன்றாவது முறையில், உள்ளங்கைப் பக்கம் சதையைத் திறந்து எலும்பின் மேல் உலோகத் தகட்டை வைத்துத் திருகாணியால் முடுக்குவார்கள். திருகாணியின் தலையிலும் மரை உண்டு. அது தகட்டோடு பூட்டிக்கொள்வதால், நொய்ந்த எலும்பிலும் பிடி தளராது.

எது மேல்? உருளைக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் விறைப்பு 16-இல் ஒரு பங்கு! ஆகவே தகடுதான் வெல்லும் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பிரிட்டனில் 461 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். முடிவு 2014-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப்பின் வலியிலும் கையின் செயலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. செலவோ கம்பிக்கே குறைவு. காரணம் எளிது. கம்பி பாலத்தூணைப்போல் என்றென்றும் சுமை தாங்க வேண்டியதில்லை. எலும்பு தானே கூடும்வரை துண்டுகளை இடம்பெயராமல் காத்தால் போதும்; வளைக்கும் விசையை மாவுக்கட்டு பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் கம்பியும் எதற்கு? அதையும் 500 பேரிடம் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவும் சமமே. ஆனால் மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களில் 100-க்கு 13 பேருக்கு, எலும்பு மீண்டும் விலகியதால், முதல் ஆறு வாரங்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. கம்பி போட்டவர்களில் ஒரே ஒருவருக்குத்தான்.

இரண்டு ஆய்வுகளிலும் சேர்ந்தவர்கள், வெளியிலிருந்தே எலும்பைப் பொருத்த முடிந்தவர்கள். மூட்டின் பரப்பே சிதறி, தளத்தில் ஒரு கல் மேலெழும்பியதுபோல் துண்டுகள் நின்றால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் திறந்து பார்த்துத்தான் பொருத்தவேண்டும். தகடும் திருகாணியும் அப்போது வேண்டியிருக்கும்.