கண்ணொளி தரும் சிறு மீன்

பங்களாதேஷில் குளம் வைத்திருக்கும் விவசாயிகள் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளை விடுவதற்கு முன், ரோட்டினோன் என்னும் நஞ்சைக் கலந்து நாட்டுச் சிறு மீன்களை அழிப்பது வழக்கமாக இருந்தது. சிறு மீன்கள் இரையில் பங்கு கொண்டு கெண்டைகளின் வளர்ச்சியைக் குறைக்கும் என்று கருதி, வயலில் களை எடுப்பது போல இதைச் செய்து வந்தனர்.

ஆனால், 'மோலா' என்னும் விரல் நீள மீன் கண்ணுக்கு நல்லது என்பது அந்நாட்டுக் கிராம மக்களின் நம்பிக்கை. உணவுச்சத்து விஞ்ஞானி சகுந்தலா தில்ஸ்டெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த மீனைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்தனர். 100 கிராம் மோலாவில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் 'ஏ' உயிர்ச்சத்து இருப்பது தெரிய வந்தது. வளர்ப்புக் கெண்டைகளில் இது 100 மைக்ரோகிராம் கூட இல்லை. 'ஏ' உயிர்ச்சத்துக் குறைவே குழந்தைகளுக்கு மாலைக்கண் வருவதற்குக் காரணம். இப்பணிக்காகத் தில்ஸ்டெட் 2021-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

கெண்டையோடு மோலா

இரண்டையும் ஒரே குளத்தில் வளர்க்க முடியுமா என்றும் சோதிக்கப்பட்டது. ஹெக்டேருக்கு 25,000 மோலா, அதாவது ஏக்கருக்குச் சுமார் 10,000 வீதம் கெண்டைகளோடு விடப்பட்டன. மொத்த மீன் விளைச்சல் குறையவில்லை. மோலா குளத்திலேயே இனம் பெருக்குவதால் ஆண்டுதோறும் குஞ்சு வாங்கும் செலவு இல்லை. அடிக்கடி சிறிதளவு பிடித்து வீட்டுக் குழம்புக்கு வைத்துக் கொண்டு, கெண்டையைச் சந்தைக்கு அனுப்பலாம். மோலா மென்மையான மீன். கையாளும்போது எளிதில் இறந்துவிடும். ஆகவே தாய் மீன்களைக் குளிர்ந்த வேளையில் எடுத்துச் செல்வது நல்லது.

சமையலிலும் கவனம் தேவை. இம்மீனின் 'ஏ' உயிர்ச்சத்தில் பெரும்பகுதி கண்ணிலும் குடலிலும் உள்ளது. தலையைக் கிள்ளி எறிந்தால் சத்தும் போய்விடும். முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

குத்தகையால் வரும் கேடு

குளமில்லாத ஏழைகளுக்குப் பொது நீர்நிலைகளே கதி. 1950-இல் ஜமீன்தாரி முறையை ஒழிக்கச் சட்டம் வந்தபின் அங்கு இவை அரசு வசமாகி, குத்தகைக்கு விடப்பட்டன. தமிழ்நாட்டுக் கண்மாய்களின் மீன்பாசிக் குத்தகையைப் போன்றதே இது. குறுகிய காலக் குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க வேண்டும். ஆகவே நீரை இறைத்து விதை மீன் வரை அரித்து விடுவதுண்டு.

குத்தகைப் பணம் அரசுக் கணக்கில் வரவாகிறது. ஏழை வீட்டில் குறைந்து போன மீன் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் குழந்தைகளுக்கு 'ஏ' உயிர்ச்சத்து மாத்திரை வழங்க அந்த அரசு 1973 முதல் செலவிட்டு வந்திருக்கிறது. நீர்நிலையின் உண்மையான வருமானத்தைக் கணக்கிட இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்றுவழியும் அங்கேயே காணப்பட்டது. மௌல்விபஜார் மாவட்டத்திலுள்ள ஹைல் ஹாவோர் என்னும் பரந்த தாழ்நில ஏரியில், சுமார் 100 ஹெக்டேர் பரப்புள்ள பைக்கா பீல் 2003-இல் நிரந்தர மீன் சரணாலயமாக ஒதுக்கப்பட்டது. அங்கு மீன் பிடிப்பதில்லை. உள்ளூர் மக்கள் அமைப்பே காவல். கோடையில் அங்கு தங்கும் தாய் மீன்கள் மழைக் காலத்தில் ஏரி முழுவதும் பரவுகின்றன. அந்தப் பகுதியின் குத்தகை வருமானத்தை விட்டுக் கொடுத்ததால் ஏரியை நம்பியிருப்போருக்குக் கிடைக்கும் மீன் அதிகரித்தது.

விவசாயிகள் செய்யத் தக்கவை

சொந்தக் குளத்தில் நாட்டுச் சிறு மீன்களை நஞ்சிட்டு அழிக்கக் கூடாது. கோடையில் தாய் மீன் தங்க ஒரு மூலையில் ஆழமான பள்ளம் வெட்டி வைக்கலாம். ஊர்க் கண்மாய் ஏலத்துக்கு வரும்போது, ஒரு மடையோரப் பள்ளத்தையாவது இறைக்காமல் விட வேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேர்க்கும்படி ஊரார் கேட்கலாம். விதை நெல்லை விற்றுச் சாப்பிடாத விவசாயி, விதை மீனையும் அவ்வாறே காத்தல் வேண்டும்.